கால் எட்டும் வண்டி

உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட இரண்டு என்றுதான் சொல்லுவான். உண்மையில் நாலு! ஜெர்மனியில் கோட்லீப் டைம்லரும் அவருடைய சகா வில்ஹெல்ம் மேபாக்கும் 1885-இல் செய்த அந்த மரவண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பெரிய சக்கரங்கள்; அவை போக, வண்டி சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொள்ள இருபுறமும் இரண்டு குட்டிச் சக்கரங்கள். நம் வீட்டுக் குழந்தைகள் சைக்கிள் பழகும்போது பின்சக்கரத்தோடு மாட்டிக் கொடுக்கிறோமே, அதே ஏற்பாடுதான். குதிரைச் சேணம் போல் ஓர் ஆசனம். அதன் அடியில் அரைக் குதிரைசக்தி யந்திரம். மொத்த எடை சுமார் 90 கிலோ. அந்த வருஷம் நவம்பர் மாதம் டைம்லரின் பையன் அதில் ஏறிக் கான்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து அடுத்த ஊர் வரைக்கும் போய் வந்தான். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாத அந்தச் சவாரியில் ஆசனம் தீப்பிடித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. யந்திரத்தைப் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த குழாய் ஆசனத்துக்கு நேர் கீழே இருந்தது. ஆகவே கதையை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குச் சுயநலமான காரணம் ஒன்று உண்டு. நாற்பதைத் தாண்டி வெகு தூரம் வந்த பிறகு, ஓசூரில் குடியிருந்துகொண்டு, முதல் முதலாக ஒரு வண்டி வாங்கியே தீரவேண்டிய நிலைமை எனக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டவில்லை. வண்டி வாங்கலாம், ஆனால் எனக்கு வண்டி என்றால் பயம். வண்டி செய்கிற ஊரில் இருந்துகொண்டு வண்டிக்குப் பயப்படுவது, சிவகாசியில் இருந்துகொண்டு பட்டாசுக்குப் பயப்படுவது மாதிரி. வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. நான் மட்டும் விழுவதானால் அது வேறு விஷயம். பின்னால் எழுபது வயசுக் கிழவி ஒருத்தி உட்காரப் போகிறாள் அல்லவா?

ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. லேசான வண்டி எதை எடுத்துக்கொண்டாலும் அது பிறந்த இடத்தில் ஒரு பயந்தவரோ, மோட்டார் சைக்கிளைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறவரோ, ஒரு கை ஒழியாதவரோ நிற்கிறார். டைம்லரே பக்கச் சக்கரம் இல்லாமல் மகனை ஏற்றி அனுப்பவில்லை.

1946-ஆம் வருஷத்து இத்தாலியைப் பாருங்கள். யுத்தம் முடிந்துவிட்டது. குண்டு விழுந்த விமானத் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று என்ரிகோ பியாஜியோ யோசித்துக்கொண்டிருந்தார். ஜனங்களிடம் காசு இல்லை, ரோடுகள் பாழ், மலிவாக ஒரு வண்டி வேண்டும். அதை வரைந்து கொடுக்கும்படி கொர்ராதினோ தஸ்கானியோ என்பவரைக் கேட்டார். தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்து பெயர் வாங்கியவர். மோட்டார் சைக்கிள் அவருக்கு ஆகவே ஆகாது. காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டும். சங்கிலி எண்ணெய் உடுப்பில் தெறிக்கும். சக்கரம் பஞ்சரானால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வெறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் பதில் செய்துகொண்டே போனார். முன்னால் காலை வைக்கப் பலகை போல் இடம் விட்டார்; யந்திரத்தை ஆசனத்துக்குக் கீழே மூடி மறைத்தார்; சங்கிலியை ஒழித்தார்; கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார்; விமானத்தின் இறங்கு சக்கரத்தைப் போல் முன்சக்கரத்தை ஒரு பக்கத் தண்டிலேயே தாங்கவிட்டார். வந்தது வெஸ்பா. இத்தாலி பாஷையில் குளவி என்று அர்த்தம். புடவை கட்டியவளும் வேஷ்டி கட்டியவனும் கூச்சமில்லாமல் ஏறி உட்காரக்கூடிய வண்டியை, அந்த இரண்டு உடுப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளாத ஒருவர் செய்து வைத்துவிட்டார், பாருங்கள்!

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1958-இல், ஜப்பானில் ஹோண்டா செய்த சூப்பர் கப் என்ற வண்டியின் கதையும் இதே மாதிரிதான். சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் சேமியாக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்ட முடியவேண்டும் என்பது ஸோயிசிரோ ஹோண்டாவின் எண்ணம். ஒரு கையால் ஓட்டவேண்டுமானால் கிளட்சைப் பிடிக்கிற கை கூடாது. ஆகவே கிளட்சு தானே பிடித்துத் தானே விடும்படி செய்தார்கள். 2017-இல் அந்த வண்டி பத்துக் கோடியைத் தொட்டது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

நம் நாட்டில் அப்போது என்ன நிலைமை? 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு வந்துவிட்டது. 1961-இல் மைசூரில் ஜாவா வந்தது. இரண்டும் மீசை வைத்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு ஸ்கூட்டர் என்றால், பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்குச் சர்க்கார் கணக்கு வைத்திருந்த காலம் அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம் காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்தின்போது மாமனார் பதிவு செய்த வண்டி, பையன் பள்ளிக்கூடம் போகிற வயசில் வந்து சேரும். வந்த வண்டியும் பயந்தவனுக்கு ஏற்றதல்ல. இடது கையால் கிளட்சை அழுத்தி அதே கையைத் திருகிக் கியர் மாற்றவேண்டும். யந்திரம் ஒரு பக்கமாக இருந்ததால் எடை அந்தப் பக்கம் இழுக்கும். காலையில் கிளம்பாவிட்டால் வண்டியைப் படுக்கவைக்கிற மாதிரி சாய்த்து, நிமிர்த்தி, உதைப்பார்கள். மகா கவலையோடு குடும்பமே வாசலில் நின்று பார்க்கும்.

இதற்கு நடுவில் ஒரு சின்னப் பிராணி வந்தது. மோட்டாரும் உண்டு, பெடலும் உண்டு. இரண்டு சொல்லையும் ஒட்டவைத்து ஸ்வீடன் தேசத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் 1952-இல் அதற்கு மொபெட் என்று பெயர் வைத்தார். 1972-இல் புனாவில் கைனடிக் கம்பெனியார் லூனாவைக் கொண்டுவந்தார்கள். யந்திரம் நின்றாலும் மிதித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம் என்கிற தைரியம் ஒன்றே பல பேரைச் சைக்கிளிலிருந்து இறக்கி அதில் ஏற்றிவிட்டது.

இனி ஓசூருக்கு வருவோம்.

ஓசூருக்கும் வாகனத்துக்கும் உள்ள சம்பந்தம் தொழிற்பேட்டையோடு தொடங்கவில்லை. ஊரை அடுத்த மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-இல் ஏற்பட்டது. ஏற்படுத்தியதன் நோக்கம் பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பது. மூவாயிரம் அடி உயரம். பெரிய வெயில் இல்லை. மேய்ச்சல் நிலம் ஏராளம். வெள்ளைக்காரத் துரைகளுக்கு இந்த இடம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. குதிரை ஏறப் பழகுகிறவனுக்கு முரட்டுக் குதிரையைக் கொடுக்கமாட்டார்கள். வயசான, சாதுவான குதிரையாகப் பார்த்துத்தான் சேணம் பூட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் மோட்டார் வண்டிக்கு மட்டும் எப்படி மறந்துபோயிற்று என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. இப்போது வண்டிக் கடைக்குப் போனால் முதலில் காட்டுவதே முரட்டுக் குதிரையைத்தான்!

குதிரைக்குப் பிறகு மாடு வந்தது. வெகு காலம் இந்தப் பக்கம் கேழ்வரகும் மாடும்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர். 1971-இல் சிப்காட் என்ற தொழில் வளர்ச்சி நிறுவனத்தைச் சர்க்கார் ஏற்படுத்தியது. அது ஓசூர்ப் பக்கம் நிலத்தை எடுத்துப் பாத்தி கட்டியது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். பின்தங்கிய வட்டாரம் என்பதால் சலுகைகள். எல்லைக்கு அந்தப் புறத்துத் திறமையும் இந்தப் புறத்து நிலமும் சேர்ந்தால் தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்? 1980-இல் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை வந்தது. அதே வருஷம் இன்னொரு தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட் வெளியே வந்தது.

மதுரையில் பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் குடும்பத்தாருக்குச் சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டன் என்ற கம்பெனி இருந்தது. 1962-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் செய்தது. அதன் மொபெட் பிரிவைத்தான் ஓசூரில் வைத்தார்கள். பிரேக் செய்கிறவர்கள் வண்டி செய்ய வந்தது பயந்தவர்களுக்கு நல்ல சகுனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டி.வி.எஸ். 50-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், இந்தியாவின் முதல் இரட்டை ஆசன மொபெட் என்பார்கள். ஐந்து சொல்லில் முடிந்துவிடுகிற இந்தச் செய்தியில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. அதுவரை மொபெட் என்பது தனி ஆளின் வண்டி. நம் ஊரில் தனி ஆள் என்று யார் இருக்கிறார்கள்? பின்னால் ஒரு மனைவி, தம்பி, பால் கேன், உர மூட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எதுவும் இல்லாவிட்டால் ரோட்டில் கையைக் காட்டுகிற உள்ளூர்க்காரர் ஒருவர். பின்னால் ஆசனம் இல்லாத வண்டியைத் தமிழ்நாட்டில் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதில் கியர் கிடையாது. கையில் கிளட்சும் கிடையாது. ஹோண்டாவின் சாப்பாட்டுக் கடைப் பையனுக்கு உதவிய தத்துவம்தான் இங்கேயும். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகம் எனக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான், ஆகவே சொல்லிவிடுகிறேன். யந்திரத்தோடு சுழலும் ஒரு தட்டில் இரண்டு மூன்று கட்டைகளை ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது. யந்திரம் மெல்லச் சுழலும்போது கட்டைகள் உள்ளுக்குள் ஒடுங்கியிருக்கும், வண்டி நகராது. முறுக்கினால் வேகம் கூடும். ராட்டினத்தில் உட்கார்ந்தவனை வெளியே தள்ளுகிற அதே விசை கட்டைகளையும் வெளியே தள்ளும். அவை சுற்றியுள்ள கிண்ணத்தைப் போய்க் கவ்வும். வண்டி நகரும். முறுக்கை விட்டால் கவ்வலும் விடும். யந்திரம் திணறி நிற்பது, வண்டி தவளை மாதிரி துள்ளுவது, பின்னால் வருகிற லாரிக்காரன் வாயில் விழுவது இதெல்லாம் இல்லை. புதிதாக ஓட்டுகிறவனுக்கு இருக்கிற பயத்தில் பாதி இந்தக் கிளட்சைப் பற்றியதுதான் என்பதை ஓட்டத் தெரிந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. வாத்தியார், பால்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, கோலமாவு விற்கிறவர், ஐஸ் பெட்டிக்காரர் எல்லாரும் அதில் ஏறினார்கள். பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்த பெட்ரோலுக்கென்று தனிக் குழாய், தனி வரிசை. கம்பெனி எத்தனையோ பெயர் மாற்றிப் பார்த்தது. ஜனங்களுக்கு அது டி.வி.எஸ். ஃபிப்டிதான். 1984-இல் அதே ஓசூரிலிருந்து, ஜப்பானிய சுஸுகியின் கூட்டோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. அது வேறு கதை. அந்தக் கூட்டும் 2001-இல் பிரிந்துவிட்டது. மொபெட் பிரியவில்லை. 2017-இல் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது பழைய டூ-ஸ்ட்ரோக் யந்திரங்கள் விடைபெற்றன. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2015-இல், ஃபோர்-ஸ்ட்ரோக் யந்திரத்தோடு எக்ஸ்.எல். 100 வந்து நின்றுவிட்டது. எடை 90 கிலோவுக்குள். டைம்லரின் மரவண்டி கனம்தான்!

இதுவரைக்கும் சொன்னதில் ஓட்டினவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பயம் என்பது ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி. ஆண் விழுந்துவிடுவோமோ என்று மட்டும் பயப்படுகிறான். பெண், விழுந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டில் என்ன சொல்லுவார்கள் என்பதையும் சேர்த்துப் பயப்படவேண்டியிருக்கிறது. இந்தப் பயத்தைப் போக்கிய பெரிய காரியம் ஓசூரில் நடக்கவில்லை. வறண்ட புதுக்கோட்டையில் நடந்தது. 1991-இலும் 92-இலும் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிறவர்களும் வயல் வேலைக்காரிகளும் ஆயாக்களும் மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினார்கள். கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் குடம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

1994-இல் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி வெளிவந்தது. 60 சி.சி.; பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் தாமாகவே வேகத்துக்குத் தக்கபடி அகன்று குறுகுகிற வேரியோமேட்டிக் ஏற்பாடு. ஹாலந்தில் 1958-இல் டாஃப் என்ற சின்னக் காருக்காகப் பிறந்த பெயர் அது. இந்தியாவில் 1984-இல் கைனடிக் ஹோண்டா அதைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது பெரிய உடம்புக்காரி. ஸ்கூட்டி ஒல்லி. புதுக்கோட்டைச் சைக்கிளுக்கும் ஓசூர் ஸ்கூட்டிக்கும் நேர் உறவு உண்டு என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் சைக்கிள் பழகிய தாயின் மகள் ஸ்கூட்டி கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வந்திருக்காது. கம்பெனிக்காரர்களும் கெட்டிக்காரர்கள். பெண்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பையும் நடத்தினார்கள். 2003-இல் ஸ்கூட்டி பெப், 2005-இல் பெப் ப்ளஸ். 95 கிலோவுக்குள் எடை. தரையிலிருந்து ஆசனம் சுமார் 77 சென்டிமீட்டர். ஐந்தடி உயரப் பெண் உட்கார்ந்து காலை ஊன்ற முடிந்தது. 2018-இல் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதாவது 25,000 ரூபாய் வரைக்கும், மானியம் கொடுக்கத் தொடங்கியபோது, காலை ஷிப்டுக்கு ஓசூர்ப் பக்கம் போகிற ரோடுகளைப் பார்த்திருக்கவேண்டும். அந்தத் திட்டம் சில வருஷத்தில் நின்றுபோயிற்று. ரோட்டுக்கு வந்த பெண்கள் திரும்பிப் போகவில்லை.

நான் வண்டி பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். நண்பர்கள் கூட வந்தார்கள். அவர்கள் எல்லாரும் மைலேஜைப் பற்றியும் இழுவையைப் பற்றியும் பேசினார்கள். நீந்தத் தெரிந்தவன் கிணற்றின் ஆழத்தைப் பற்றிப் பேசுவான். தெரியாதவனுக்குப் படிக்கட்டு எங்கே என்றுதானே தெரியவேண்டும்? ஒரு கடையில் இருபது வயசுப் பையன் ஒருவன் மட்டும் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"சார், ஓட்டிப் பார்க்க வேணாம். முதல்ல உட்காருங்க. ரெண்டு காலும் முழுப் பாதமா தரையில படுதா?"

பட்டது.

"இப்ப இறங்கி, சென்டர் ஸ்டாண்டு போடுங்க. நான் பிடிக்கமாட்டேன்."

போட்டேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் போட்டேன்.

"இப்ப ஸ்டாண்டை எடுத்துட்டு, இந்தச் சரிவுல பின்னுக்குத் தள்ளிக்கிட்டுப் போங்க. யந்திரம் ஆஃப்ல இருக்கட்டும்."

ஓசூரில் சமதளமான தெரு குறைவு. ஏற்றம் அல்லது இறக்கம். ஓடுகிற வண்டியில் எடை தெரியாது. நிற்கிற வண்டியில்தான் தெரியும் என்பதை அந்தச் சரிவில் கண்டேன். பயந்தவன் வேகத்தில் விழுவதைவிட, நிறுத்தும்போதும் திருப்பும்போதும் தள்ளும்போதும்தான் அதிகம் விழுகிறான் என்று பையன் சொன்னான். பெரிய ஞானி! கியர் இல்லாத வண்டியின் ஆபத்து ஒன்றையும் சொன்னான். பயந்தவன் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பான், இறுக்கும்போது வலது கை தானே முறுக்கிவிடும், வண்டி பாயும், பாய்ந்ததைக் கண்டு இன்னும் இறுக்குவான். ஆகவே முதல் பத்து நாள் விரல்கள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும் என்றான். மணலில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே என்பது அடுத்த பாடம். 2019-இலிருந்து சிறிய வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடோ, அதைவிட உயர்ந்த ஏ.பி.எஸ். ஏற்பாடோ இருக்கவேண்டும் என்று சட்டம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொரு வண்டியின் பின் ஆசனத்திலும் உட்கார்ந்து பார்த்தாள். நவநாகரிக வண்டி ஒன்றில் பின் ஆசனம் ஏணி மேல் இருந்தது. "இதிலே ஏற நான் பழனி மலைக்கே போய்டுவேன்" என்றாள்.

லேசான வண்டி என்றால் கவலை தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். ஊருக்குள் லேசு என்பது வரம். பெங்களூருவிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகிற பெரிய ரோட்டில் அதே லேசுதான் எமன். பழைய கணக்கில் ஏழாம் நம்பர், இப்போது 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. வடக்கிலிருந்து தெற்கே போகிற லாரியெல்லாம் அதில்தான் ஓடுகிறது. நீளமான லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு கடந்து போகும்போது, அதன் காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். தொண்ணூறு கிலோ வண்டிக்கு அது ஒரு பேயாட்டம். பத்து அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், எக்ஸ்.எல். வண்டியின் பதினாறு அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தைத் தாண்டிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கிராமத்து ரோட்டில் போகிறவர்கள் ஸ்கூட்டரைவிட மொபெட்டை நம்புகிறார்கள். நான் சர்வீஸ் ரோட்டைத் தாண்டி ஏறுவதில்லை என்று வண்டி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது மின்சார வண்டிக் காலம். இதிலும் இந்த எல்லைப் பிரதேசம் முந்திக்கொண்டுவிட்டது. 2020-இல் டி.வி.எஸ். ஐ-க்யூப் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர் கம்பெனி தன் தொழிற்சாலையை ஓசூருக்குக் கொண்டுவந்தது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா பிரம்மாண்டமான தொழிற்சாலை தொடங்கி, அதை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தது. இந்த வண்டிகளில் சத்தம் இல்லை, புகை இல்லை, உதைக்கவேண்டியதில்லை. பயந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாட்டரி கனக்கிறது. இங்கே செய்கிற மின்சார ஸ்கூட்டர்களில் பல 110 கிலோவுக்கு மேல். நாற்பது வருஷமாகக் கிராம் கிராமாகக் குறைத்த எடை ஒரே எட்டில் திரும்பி வந்துவிட்டது. அதற்கும் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள்: வண்டி தானே மெல்லப் பின்னுக்கு நகரும்! சரிவில் தள்ள முடியாதவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை எஞ்சினீயர்கள் மறக்கவில்லை.

மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு மேற்படாத சின்ன மின்சார வண்டிகளுக்கு லைசென்சே வேண்டாம் என்பது விதி. அதை வாங்கிக்கொள்ளும்படி எனக்கு யோசனை சொன்னவர்கள் பலர். ரோடு விதி ஒன்றும் படிக்காமல் ரோட்டுக்கு வரலாம் என்பது எனக்குச் சலுகையாகத் தோன்றவில்லை. எதிரே வருகிறவன் படித்துவிட்டுத்தானே வருகிறான்?

கடைசியில் நான் வாங்கியது ஆறு வருஷத்துப் பழைய ஸ்கூட்டி பெப் ப்ளஸ். ஏற்கனவே கீறல் விழுந்த வண்டி. இன்னொரு கீறல் விழுந்தால் மனசு பதறாது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டினேன். பழகுநர் லைசென்ஸ் வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் சோதனைக்குப் போகலாம். அதுவரை கற்றுக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. அம்மா ஆட்டோவில் போனாள். நான் சர்வீஸ் ரோட்டில் பின்னாலேயே போனேன்.

சோதனை நாள் காலை, மைதானத்தில் கூட்டம். வண்டி ஓட்டத் தெரிகிறதா என்பதைத் தமிழ்நாட்டில் எட்டுப் போடச் சொல்லித்தான் பார்ப்பார்கள். தரையில் வரைந்த எட்டின்மேல் சுற்றி வரவேண்டும். நடுவில் கால் தரையில் படக்கூடாது. கால் எட்டுமா, எட்டுமா என்று தேடித் தேடி வண்டி வாங்கியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள் எக்ஸ்.எல். வண்டியோடு நின்றிருந்தாள். வண்டியின் பக்கவாட்டில் பூக்கூடை கட்டுகிற கம்பி. பாகலூருக்கு அந்தப் பக்கம் கிராமம்; விடியும் முன்னே ரோஜாவை ஓசூர்ப் பூச்சந்தைக்குக் கொண்டுவரவேண்டும். அதுவரை ஓட்டியவர் புருஷன். தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். வாடகை வண்டிக்குக் கொடுத்தால் பூ விற்ற காசில் ஒன்றும் மிஞ்சுவதில்லையாம். மூன்று வாரமாகக் களத்துமேட்டில் பழகியிருக்கிறாள்.

"ஏன் தம்பி, காலு ஊணினா ஃபெயிலாமே?" என்று என்னைக் கேட்டாள்.

"அப்படித்தாம்மா சொல்றாங்க."

"ஊணாம எப்படித் தம்பி வண்டி ஓட்டறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெயரைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். முதல் வளைவில் வண்டி தள்ளாடியது. இடது கால் பலகையிலிருந்து கீழே இறங்கி, தரைக்கு ஒரு விரல்கடை மேலே நின்று, திரும்பவும் பலகைக்குப் போயிற்று. இரண்டாவது வளைவில் முறுக்கைக் கொஞ்சம் கூட்டினாள். எட்டு முடிந்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த பெயர் என்னுடையது.